இறக்கையா, ரோட்டரா, இரண்டுமா? கல்லூரி ட்ரோன் அணி இந்த ஆண்டு எதைக் கட்டலாம்

பொறியியல் கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கியதும் ட்ரோன் அணிகளில் ஒரு வாக்குவாதம் கிளம்பும். இந்த ஆண்டுப் போட்டிக்கு என்ன கட்டுவது? ஒரு தரப்பு நான்கு ரோட்டர் கொண்ட குவாட்காப்டர் என்று சொல்லும். இன்னொரு தரப்பு, இறக்கை இல்லாததெல்லாம் ஒரு விமானமா என்று கேட்கும். மூன்றாவதாக ஒருவர், பெரும்பாலும் முந்தைய இரவு யூடியூப் பார்த்துவிட்டு வந்தவர், நின்ற இடத்திலிருந்தே எழும்பிப் பிறகு இறக்கையால் பறக்கிற குவாட்பிளேன் கட்டலாம் என்பார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைக்கும்.

மூன்றுமே மாணவர்களால் கட்டக்கூடியவை. பாகங்கள் சந்தையில் கிடைக்கின்றன, மென்பொருளுக்குக் காசு தர வேண்டியதில்லை. அதனால் எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆளுக்கொரு அட்டவணை போட்டுக்கொண்டு செமஸ்டர் முடியும்வரை பேசலாம். அணிகளிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இன்றிலிருந்து போட்டி நாள்வரை இதை எத்தனை தடவை பறக்கவிட முடியும்? விழுந்தால் எத்தனை நாளில் மறுபடி எழும்பும்? இன்டர்னல் தேர்வு, லேப் ரெக்கார்டு, தீபாவளி விடுமுறை, வடகிழக்குப் பருவமழை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம் சனி, ஞாயிறுகள்தாம். அந்த நாட்களில் அதிகம் பறக்கக்கூடிய வடிவம் எது என்று பார்த்துத்தான் இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது

இரண்டு கிலோ எடை, 14.8 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் இருப்பது 74 வாட்-மணி. ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டுவிட்டால் பயன்படுத்தக் கிடைப்பது 59. 

10 அங்குல புரொப்பெல்லர் நான்கு பூட்டிய குவாட்காப்டர் அந்தரத்தில் அசையாமல் நிற்கக் கோட்பாட்டின்படி 125 வாட் போதும். புரொப்பெல்லர், மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி ஆகியவற்றில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 250 வாட் போகும். பேட்டரி 14 நிமிடம் தாங்கும்.

அதே எடையில் இறக்கை விமானம். மாணவர்கள் கையால் செய்த சுமாரான இறக்கைக்குக்கூட தூக்குவிசை இழுவிசையைப் போல் எட்டு மடங்கு இருக்கும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்க 37 வாட் தேவை. இழப்பையெல்லாம் சேர்த்து 75 என்று வைத்துக்கொண்டால் 47 நிமிடம் பறக்கும். அதற்குள் 40 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

இப்போது குவாட்பிளேன். அதே இறக்கை விமானத்தில் செங்குத்தாகத் தூக்க நான்கு மோட்டார், நான்கு இஎஸ்சி, அவற்றைத் தாங்கும் கார்பன் குழாய்கள், வயர்கள். கஞ்சத்தனமாகச் செய்தாலும் எழுநூறு கிராம் ஏறும். எடை ஏறியதால் வேகமும் நொடிக்கு 17 மீட்டராக ஏற வேண்டும். முன்னோக்கிப் பறக்கும்போது சும்மா நிற்கும் அந்த நான்கு புரொப்பெல்லர்களும் காற்றைத் தடுக்கும். இழுவிசையைப் போல் எட்டு மடங்கு இருந்த தூக்குவிசை ஆறு மடங்காகக் குறையும். எழும்பவும் இறங்கவும் ஒன்றரை நிமிடம் அந்தரத்தில் நிற்பதற்கே 10 வாட்-மணி தீர்ந்துவிடும். மிச்சத்தில் பறப்பது 20 நிமிடம்.

குவாட்காப்டருக்கு 14, குவாட்பிளேனுக்கு 20, வெறும் இறக்கைக்கு 47. யூடியூப் பார்த்துவிட்டு வந்தவர் இந்த இடத்தில் கொஞ்சம் அமைதியாகிவிடுவார். அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். 20 நிமிடத்தில் குவாட்பிளேன் 20 கிலோமீட்டர் போகும். நின்று நிதானித்துப் போகும் குவாட்காப்டர் அதில் பாதிகூடப் போகாது. ட்ரோன் பெரிதாகப் பெரிதாக, இறக்கைக்குள் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கக் கிடைக்க, இந்தக் கூடுதல் சுமையின் பங்கும் குறையும். ஐந்தாறு கிலோ எடையில் அந்த வடிவத்துக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. இரண்டு கிலோவில் அது தன் சொந்தப் பாகங்களைச் சுமப்பதற்கே பறக்கிறது.

இறக்கை விமானம்

இறக்கையால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். சூரிக் நகரின் இடிஹெச் பல்கலைக்கழகம் உருவாக்கிய அட்லான்டிக்சோலார் 5.6 மீட்டர் இறக்கையும் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. 2015 ஜூலையில் அது பகலில் சூரிய ஒளியிலும் இரவில் பேட்டரியிலுமாக 81.5 மணி நேரம் கீழே இறங்காமல் பறந்தது. ரோட்டரை நம்பி அந்த எடையில் இதைக் கனவுகூடக் காண முடியாது.

நம் அணிக்கு எண்பது மணி நேரம் தேவையில்லை, அரை மணி போதும். அதற்கு எதில் கட்டுவது என்பதுதான் கேள்வி. பால்சா மரத்தில் விலா எலும்புகள் வெட்டி, ஒட்டி, மேலே படலம் போர்த்திய இறக்கையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். நடுவர்களுக்கும் பிடிக்கும். எடை குறைவு, வடிவம் துல்லியம். ஆனால் அதைச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். மூக்கு குத்தி விழுந்தால் ஒரு நொடியில் குப்பை. முதல் விமானம் கட்டும் அணிக்கு நான் பால்சாவைச் சொல்ல மாட்டேன். விளம்பரப் பலகைக்கும் தேர்தல் தட்டிக்கும் பயன்படும் சன்பேக் ஷீட் எந்த ஊரிலும் கிடைக்கிறது. உள்ளே குழல் குழலாக இருப்பதால் ஒரு திசையில் விறைப்பாக நிற்கும். கத்தியால் ஒரு பக்கத் தோலை மட்டும் கீறினால் மடிப்பே கீலாகிவிடும். எடை கொஞ்சம் கூடும். இபிபி என்ற ரப்பர் போன்ற நுரை அதைவிட நல்லது. நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கு வரும். வெள்ளைத் தெர்மாகோலைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்து, உள்ளே ஒரு கார்பன் குழாய் செருகி, மேலே பேக்கிங் டேப் ஒட்டினாலும் நன்றாகவே பறக்கும். இவற்றில் எது உடைந்தாலும் மைதானத்திலேயே உட்கார்ந்து அரை மணியில் ஒட்டிவிடலாம்.

ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஹாட் க்ளூ கன் எல்லா அணிகளுக்கும் செல்லப்பிள்ளை. கோடை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் விமானத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்து பாருங்கள். இறக்கைத் தட்டுகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவைப் பிடித்திருந்த பசை இளகி, சர்வோ தன் இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும். டிரான்ஸ்மிட்டரில் குச்சியை அசைத்தால் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஐலரான் தட்டும் அசையும். ஆனால் நடுநிலை இரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கும். கையிலிருந்து எறிந்ததும் விமானம் ஒரு பக்கமாகச் சுருண்டு தரையைத் தேடும். சர்வோவுக்கு எபாக்சியோ திருகாணியோ போடுங்கள். ஹாட் க்ளூவை வயர்களை ஒதுக்கி ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை விமானத்தை எறிவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகளுக்குக் காசு செலவே இல்லை. ஒன்று, ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி இரு விரல்களை அடியில் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்த விமானம் ஒருமுறைதான் பறக்கும். 

இரண்டாவது, அமெரிக்காவில் 1996–97 முதல் நடந்துவரும் 'டிசைன், பில்ட், ஃப்ளை' மாணவர் போட்டியின் தொழில்நுட்பச் சோதனையில் உள்ளது. முழுச் சுமையை ஏற்றி, விமானத்தை இரு இறக்கை நுனிகளில் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். நேராகப் பறக்கும்போது இறக்கையின் வேரில் வரும் வளைவுச் சுமையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இப்படித் தூக்கும்போது வரும். 60 பாகை சாய்ந்து வளையும்போது இறக்கை தாங்க வேண்டிய சுமையும் அதுதான். இரண்டு பேர் மெதுவாகத் தூக்குவார்கள், மூன்றாமவர் நடுப்பகுதியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் கார்பன் குழாய்க்கும் நுரைக்கும் இடையே பசை விட்டுக்கொண்டது என்று பொருள். அன்றைக்குப் பறக்க வேண்டாம். அதை ஆய்வகத்தில் கேட்பது நல்லது. 60 மீட்டர் உயரத்தில் நடந்தால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது.

இந்த வடிவத்தின் பலவீனம் இடமும் காற்றும். வயிற்றால் தரையைத் தேய்த்து இறங்கவே தடையில்லாத ஐம்பது அறுபது மீட்டர் வேண்டும். மரம், விளக்குக் கம்பம், கிரிக்கெட் ஆடுபவர்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பல வளாகங்களில் அது கிடைக்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இரண்டு கிலோ நுரை விமானம் எம்மாத்திரம்? நொடிக்கு 15 மீட்டரில் போகும் விமானம் 8 மீட்டர் எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து 7 மீட்டரில்தான் நகரும். வீடு திரும்பும் நேரம் இரட்டிப்பாகும், பேட்டரிக் கணக்கு தலைகீழாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கல்லூரிகளும் ஆரல்வாய்மொழி அருகில் உள்ளவையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகாலையை மட்டுமே நம்பலாம். சென்னையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வந்துவிடும். காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வரும் அணிதான் இறக்கை விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து மணிக்கு வருபவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

குவாட்காப்டர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மூலைகளில் நான்கு மோட்டார், நடுவில் பேட்டரி, மேலே ஆட்டோபைலட். ஒரு வார இறுதியில் பூட்டிவிடலாம். சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் எல்லாப் பாகமும் கிடைக்கும். ஒரு கை உடைந்தால் மாற்றுக் கையைத் திருகிவிட்டு மறுபடி பறக்கலாம். கூடைப்பந்து ஆடுகளம் அளவு இடம் போதும். மோட்டார்கள் நான்கும் சேர்ந்து எடையைப் போல் இரண்டு மடங்காவது தள்ள வேண்டும் என்ற ஒரே விதியைக் காப்பாற்றினால், பாதி த்ராட்டிலில் நின்று மிச்சத்தைக் காற்றோடு மல்லுக்கட்டப் பயன்படுத்தும். ஒரு மோட்டார் நின்றால் கல் போல் விழும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இறக்கை விமானம் மோட்டார் நின்றாலும் சறுக்கிக்கொண்டாவது வரும்.

பறக்கும் எண்ணிக்கையில் குவாட்காப்டரை எதுவும் அடிக்க முடியாது. குறிப்பிட்ட இடத்தில் பொருளைப் போட வேண்டும், ஒரு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது போன்ற பணிகளுக்கு இதுவே சரி. ஏரோநாட்டிக்கல் துறை மாணவர்களுக்கு எனக்கிருக்கும் ஒரே தயக்கம், இது மின்னணுவியலையும் கட்டுப்பாட்டையும் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குக் காற்றியக்கவியலைச் சொல்லிக்கொடுக்காது. நான்கு ஆண்டு படித்த தூக்குவிசைச் சமன்பாடு ஏட்டிலேயே இருந்துவிடும்.

குவாட்பிளேன்

நிமிடக் கணக்கை மேலே பார்த்தோம். மைதானத்தில் வரும் சிக்கல்கள் அந்தக் கணக்கில் இல்லை.

முதலாவது, இது ஒரே உடலில் இரண்டு விமானங்கள். ஐந்து மோட்டார், ஐந்து இஎஸ்சி, மூன்று நான்கு சர்வோ. குவாட்காப்டராக ஒருமுறை டியூன் செய்ய வேண்டும், இறக்கை விமானமாக இன்னொரு முறை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்தச் சில நொடிகளுக்காக மூன்றாவது முறை. மாறும் நொடிகளில் காற்றின் வேகத்தைச் சரியாக அறிய பிடாட் குழாய் வேண்டும். அதன் மூடியைக் கழற்ற மறந்தாலும், உள்ளே எறும்பு புகுந்தாலும் ஆட்டோபைலட்டுக்குத் தவறான வேகம் போகும்.

இரண்டாவது, அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை ஒரு பாய்மரம். குவாட்காப்டர் வசதியாக நிற்கும் காற்றில் குவாட்பிளேன் தள்ளாடும். அதிலும் இடவலமாக மூக்கைத் திருப்பும் வலு இந்த வடிவத்தில் குறைவு. பக்கக் காற்று அடித்தால் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், மோட்டார்கள் எதிர்த்துத் திணறும். மோட்டார்களைத் தாங்கும் கார்பன் குழாய் தன் பிடிக்குள் ஓரிரு பாகை சுழன்றிருந்தால் இன்னும் மோசம். அதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நான்கு மோட்டார்களின் தலையிலும் நீளமான குச்சியைச் செங்குத்தாகச் செருகிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நான்கும் ஒன்றை ஒன்று மறைத்து இரண்டாகத் தெரிந்தால் சரி. ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் அந்தக் குழாய் பிடியைக் கழற்றி, உள்ளே உப்புத்தாள் ஒட்டி மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவையும் மீறி இந்த வடிவத்தை ஒதுக்கிவிட மாட்டேன். ஓடுதளம் இல்லாத இடத்தில் இறங்கி, தூரமும் போக வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. புதிதாகக் கட்டும் அணிக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே நன்றாகப் பறக்கும் ஓர் இறக்கை விமானம் கையில் உள்ள அணிக்கு இது அடுத்த கட்ட மேம்பாடு. அப்படிப்பட்ட அணிக்கு மூன்று டியூனிங்கில் ஒன்று முன்பே முடிந்திருக்கும். செங்குத்து மோட்டார்கள் சொதப்பினால் அவற்றைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் எறிந்து பறக்கலாம். போட்டி நாளில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் மாணவர்களுக்குச் சாதகமானவை. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும்போது வகைச் சான்றிதழ், தனி அடையாள எண், பைலட் சான்றிதழ் மூன்றிலிருந்தும் விலக்கு உண்டு. இடம் முன் அனுமதி வாங்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமாகவும், கல்லூரி வளாகத்துக்குள்ளோ கல்லூரியின் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ இருக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். அதைவிட அருகில் பச்சை மண்டலமே கிடையாது. தென்சென்னைக் கல்லூரிகளுக்கு இது தலைவலி. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்ஐடி மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைச் சொன்னால் நிலைமை புரியும். அப்படிப்பட்ட வளாகங்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் வண்டி கட்டிக்கொண்டு வெளியூர் போக வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு எத்தனை பறத்தல் கிடைக்கும் என்ற கேள்வி அவர்களுக்கு இன்னும் கூர்மையாகிறது. 47 நிமிடம் தாங்கும் விமானம் இங்கே தன் மதிப்பைக் காட்டும்.

எடை எல்லையையும் கவனியுங்கள். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. அதற்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை. வணிக நோக்கமில்லாத மைக்ரோ ட்ரோனுக்கு வளாகத்துக்கு வெளியிலும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நம் உதாரணத்தில் இறக்கை விமானமும் குவாட்காப்டரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றன. குவாட்பிளேன் 2.7 கிலோவில் அந்தப் பக்கம் போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோனை வாங்கிப் பிரித்து மேய்வோம் என்ற யோசனைக்கு 2022 பிப்ரவரியில் இறக்குமதித் தடை வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் அனுமதி வாங்க வேண்டும். தனிப் பாகங்களுக்குத் தடை இல்லை. ட்ரோனிலிருந்து தரைக்குத் தகவல் அனுப்பும் டெலிமெட்ரி ரேடியோ வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்க வீடியோக்களில் வரும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் அலைவரிசையில் ஒரு பகுதி இங்கே செல்போன்களுக்கு ஒதுக்கப்பட்டது. நமக்கு உரிமமில்லாமல் கிடைப்பது 865–868.

பழையதை மேம்படுத்துவதா, புதிதாகத் தொடங்குவதா

வடிவத்தைவிட இந்த முடிவுதான் ஓர் அணியின் ஆண்டைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். சீனியர்கள் போகும்போது ஆய்வக அலமாரியில் ஒரு விமானத்தை விட்டுப்போவார்கள். ஜூனியர்களுக்கு அதைத் தொடப் பிடிக்காது. தங்கள் பெயரில் ஒன்று வேண்டும். அந்த ஆசையில் தவறில்லை, ஆனால் அதற்கு ஒரு செமஸ்டர் விலை.

எம்ஐடியின் தக்‌ஷா அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் அது இரண்டாம் இடம் பிடித்தபோது, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் சினிமாப் பக்கங்களும் அதை எழுதின. ரசிகர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முந்தைய கதை தெரியும்? 2012-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய யூஏவிஃபோர்ஜ் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன ஒன்பது அணிகளில் தக்‌ஷாவும் ஒன்று. அந்தச் சுற்றில் கொடுத்த பணியை எந்த அணியாலும் முடிக்க முடியவில்லை. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே பெயர் இரண்டு பெரிய போட்டிகளில் வருகிறதென்றால் கைமாறி வந்த அறிவு என்று ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

பழைய விமானத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு என் அளவுகோல் எளிது. டியூன் செய்த அளவுகள் உள்ள அதன் பாராமீட்டர் கோப்பும், பறந்தபோது பதிவான லாக் கோப்புகளும் இருக்கின்றனவா? இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், உடல் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சரி. சீனியரின் மடிக்கணினியோடு அவையும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டனவென்றால், அலமாரியில் இருப்பது வெறும் நுரையும் மோட்டாரும்தான். புதிதாகத் தொடங்குவதில் இழப்பில்லை.

எதை மேம்படுத்துவது? குவாட்காப்டரில் முதலில் புரொப்பெல்லர். 10 அங்குலத்தை 12 ஆக்கி, அதற்கேற்ற மெதுவாகச் சுழலும் மோட்டாரும் போட்டால் அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தியில் ஆறில் ஒரு பங்கு குறையும். இறக்கை விமானத்தில் முதலில் பேட்டரி. லிப்போவுக்குப் பதில் 21700 அளவு லித்தியம்-அயான் செல்கள் எட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய அதே எடையில் ஒன்றரை மடங்கு ஆற்றல் கிடைக்கும். செல்களை விடுதி அறையில் சால்டரிங் செய்யாதீர்கள்; ஸ்பாட் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று: லிப்போவை 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று பழகியிருப்போம். லித்தியம்-அயான் செல் 3 வோல்ட் வரை இறங்கியும் உழைக்கும். ஆட்டோபைலட்டில் பழைய எச்சரிக்கை மதிப்பை மாற்றாமல் விட்டால், பேட்டரியில் கணிசமான பங்கு மிச்சமிருக்கும்போதே ஃபெயில்சேஃப் வேலை செய்து விமானம் வீடு திரும்பிவிடும். அணியோ, புது பேட்டரி உதவவில்லை என்று முடிவுகட்டிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். புது பேட்டரி, புது புரொப்பெல்லர், புது ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே வெள்ளிக்கிழமை இரவில் போட்டுவிட்டுச் சனிக்கிழமை விழுந்தால் யாரைக் குற்றம் சொல்வது? மாற்றத்துக்கு முன் ஒரு பறத்தல், பின் ஒரு பறத்தல், இரண்டின் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்டுபைலட் என்ற ஆட்டோபைலட் மென்பொருளில் அதிர்வு வரைபடம் 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. புது புரொப்பெல்லருக்குப் பின் அது மேலேறினால் சமநிலை சரியில்லை. அதைச் சரிசெய்யும்வரை அடுத்த மாற்றத்தைத் தொட வேண்டாம்.

ஆட்டோபைலட்

ஆர்டுபைலட்டா, இன்னொரு இலவச மென்பொருளான பிஎக்ஸ்4-ஆ என்று சண்டை போடும் அணிகளுக்கு ஒரு தகவல். இவை ஓடும் ஆட்டோபைலட் பலகைகளுக்கு வழங்கும் பிக்ஸ்ஹாக் என்ற பெயரே 2008-ல் இடிஹெச் சூரிக்கில் லோரென்ஸ் மையர் என்ற முதுநிலை மாணவர் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது. அவர் சேர்த்த மாணவர் அணி 2009-ல் ஐரோப்பிய சிறு விமானப் போட்டியின் உள்ளரங்குத் தன்னியக்கப் பிரிவில் வென்றது. பிஎக்ஸ்4-உம் மாவ்லிங்க் நெறிமுறையும் அந்த வழியில் வந்தவை. ஆர்டுபைலட்டும் தரைநிலையத்தோடு மாவ்லிங்க்கில்தான் பேசுகிறது.

என் தேர்வு: இறக்கை விமானத்துக்கும் அதை குவாட்பிளேனாக மாற்றுவதற்கும் ஆர்டுபைலட். தானாக டியூன் செய்யும் வசதியும், மடிக்கணினியிலேயே முழுப் பணியையும் ஒத்திகை பார்க்கும் எஸ்ஐடிஎல் சிமுலேட்டரும் மாணவர் கைக்கு எளிதாக வருகின்றன. மழை பெய்யும் சனிக்கிழமைகளில் அந்த ஒத்திகையாவது நடக்கட்டும். படித்து முடித்து இதே மென்பொருளை மாற்றி ஒரு நிறுவனம் தொடங்கும் எண்ணம் இருந்தால் பிஎக்ஸ்4-ஐப் பாருங்கள். அதன் பிஎஸ்டி உரிமம் நீங்கள் செய்த மாற்றங்களை வெளியிடச் சொல்வதில்லை; ஆர்டுபைலட்டின் ஜிபிஎல் உரிமத்தில், மென்பொருளைக் கைமாற்றும்போது மூல நிரலையும் தர வேண்டும்.

அப்படியானால் எதைக் கட்டுவது

பச்சை மண்டலத்தில் வளாகம், காலை ஏழு மணிக்கு வரும் உறுப்பினர்கள், போட்டியில் பரப்பளவைத் தேடும் பணியோ வரைபடமெடுக்கும் பணியோ இருந்தால், நுரையிலோ சன்பேக்கிலோ ஓர் இறக்கை விமானம். ஒன்றல்ல, ஒரே அச்சில் இரண்டு உடல்கள். மின்னணுப் பாகங்கள் ஒரு தொகுதி போதும். முதல் உடல் விழும், இரண்டாவது மறுநாள் பறக்கும்.

வளாகத்தில் இடமில்லை, பணி குறிப்பிட்ட இடத்தில் பொருள் போடுவது, அல்லது அணியில் முக்கால்வாசிப் பேர் மின்னணுவியல், கணினித் துறை என்றால் 12 அங்குல புரொப்பெல்லர் பூட்டிய குவாட்காப்டர். மீதி நேரத்தைக் கேமராவிலும் நிரலிலும் செலவிடுங்கள்.

குவாட்பிளேனை, சென்ற ஆண்டின் இறக்கை விமானமும் அதன் லாக் கோப்புகளும் கைவசம் உள்ள அணி மட்டும் தொடலாம். அந்த அணிக்கும் ஒரு கெடு வைக்கிறேன்: பொங்கல் விடுமுறைக்குள் செங்குத்தாக எழும்பி, மாறி, பறந்து, மாறி, இறங்கும் முழுச் சுற்று நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் நான்கு மோட்டார்களையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, எறிந்து பறக்கும் பழைய வடிவத்தோடு போட்டிக்குப் பதிவு செய்யுங்கள்.